பெயர் எழுதாத குறிப்பேடு
(வாசகர் கேள்வி – பதில்)

தென் சூடானில் ஐ.நா. பணிக்குழுவின் மனித உரிமை அதிகாரியாக நான் இருந்த ஆண்டுகளைப் பற்றி இந்த இதழில் எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்தும் சுருக்கியும் தந்திருக்கிறேன். எழுதியவர்களுள் சிலர் தங்கள் பெயர் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: மனித உரிமை அதிகாரி என்றால் அங்கே உண்மையில் என்ன வேலை? காவல்துறையைப் போலக் கைது செய்ய முடியுமா, அல்லது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டுமே முடியாது. நடந்ததைக் கேட்டு, சரிபார்த்து, எழுதி, யாரிடம் சொன்னால் அடுத்தது நடக்காமல் தடுக்கலாமோ அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்கான உரிமை பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானத்திலிருந்து வருகிறது. தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று சுதந்திர நாடானது. அதற்கு முந்தைய நாளே 1996 என்ற எண்ணுள்ள தீர்மானம் ஐ.நா. பணிக்குழுவை அமைத்தது. புதிய அரசுக்குத் துணைநிற்பதே அப்போது முதன்மையான நோக்கம். 2013 டிசம்பர் 15 இரவு தலைநகர் ஜூபாவில், அதிபர் சல்வா கீருக்கு ஆதரவான படையினருக்கும், அவரால் சில மாதங்களுக்கு முன் பதவிநீக்கம் செய்யப்பட்ட துணை அதிபர் ரீக் மச்சாருக்கு ஆதரவானவர்களுக்கும் மூண்ட சண்டை சில நாட்களிலேயே உள்நாட்டுப் போரானது. அதன்பின் 2014 மே மாதம் வந்த 2155 ஆம் தீர்மானம், பொதுமக்களைப் பாதுகாப்பது, மனித உரிமை மீறல்களைக் கண்காணித்து விசாரிப்பது, நிவாரணம் போய்ச்சேர வழிசெய்வது, போர்நிறுத்த உடன்பாட்டுக்குத் துணைநிற்பது என்று பணிக்குழுவின் வேலையை நான்காகச் சுருக்கியது. அதுவரை எந்தப் படையினருக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தோமோ அதே படையினரைப் பற்றி விசாரிக்கும் நிலை வந்தது.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரு செய்தியில் தொடங்கும்: எங்கோ ஓர் ஊரை எரித்துவிட்டார்கள் என்று வந்து சேர்ந்த ஒரு பாட்டி சொல்லியிருப்பார், அல்லது ஊர்த் தலைவர் ஒருவர் சாட்டிலைட் போனில் சொல்லியிருப்பார். ஆண்டில் பாதி மாதங்கள் மழையில் கரிசல் மண் சேறாகி வண்டி போகாது. ஹெலிகாப்டருக்கு இரு தரப்புப் படைகளிடமிருந்தும் பறக்கும் பாதைக்கு உறுதி வாங்கியாக வேண்டும். போய் இறங்கினால் தரையில் இருக்க இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் யாரிடம் பேசுவது, எதைப் பார்ப்பது என்று முந்தைய இரவே வரிசைப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

போகாத நாட்களில் காவலில் இருப்பவர்களைப் பார்ப்போம். பல ஊர்களில் சிறை என்று ஒரு கட்டடமே கிடையாது. கப்பலில் சரக்கு வரும் இரும்புக் கன்டெய்னரை வெயிலில் நிறுத்திவைத்து, பக்கவாட்டில் இரண்டு துளை போட்டிருப்பார்கள், அதுதான் லாக்கப். 2015 அக்டோபரில் லேர் என்ற ஊரில் தேவாலய வளாகத்தில் நின்ற அப்படிப்பட்ட ஒரு கன்டெய்னருக்குள் அடைக்கப்பட்ட ஆண்களும் சிறுவர்களுமாக 60-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆகவே கதவைத் திறக்கச் சொல்லி ஆட்களை எண்ணுவது எங்களுக்கு வெறும் சடங்காக இருக்கவில்லை. நான் வாரந்தோறும் போன ஓர் இடத்தில் முதல் நாள் பதிவேட்டைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த வாரமும் கேட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டுப் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டில், குற்றம் என்ற கட்டத்தில், ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு நேரே "அண்ணன் ஓடிவிட்டான்" என்று எழுதியிருந்தது. தேடப்படுபவன் கிடைக்காவிட்டால் தம்பியைத் தூக்கி வந்து வைக்கும் வழக்கம் நம் ஊர்க் காவல் நிலையங்களுக்கும் புதிதல்ல என்பதால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுத்தில் இருந்ததால் அதை மேலதிகாரியின் முன் வைத்துப் பேச முடிந்தது; மறுவாரம் பையன் அங்கே இல்லை, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்பதைத் தாயிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டோம்.

கேள்வி: பெரும் துன்பத்துக்கு ஆளான ஒரு பெண்ணிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவீர்கள்? எங்கள் ஆலோசனை மையத்தில் எனக்குத் தினமும் இந்தத் தடுமாற்றம் வருகிறது.
– சமூகப் பணியாளர், நாகர்கோவில்

பதில்: தடுமாற்றம் வருவதே நல்லது; அது வராதவர்களைக் கண்டுதான் நான் பயந்திருக்கிறேன். முதல் கேள்வி எதுவாக இருக்க வேண்டும் என்பதை எனக்கு ஒரு மருத்துவ உதவியாளர் கற்றுக்கொடுத்தார். "எப்போது நடந்தது?" என்பதே அது. வன்புணர்வுக்கு உள்ளானவர் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க வாய்ப்புண்டு; கருத்தடைக்கு 120 மணி நேரம். ஆகவே நேரம் மிச்சமிருந்தால் குறிப்பேட்டை மூடிவிட்டு முதலில் மருத்துவமனைக்கு வழி செய்ய வேண்டும். வாக்குமூலம் காத்திருக்கலாம்.

இரண்டாவது, அவர் ஏற்கெனவே எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறார் என்று அறிந்துகொள்வது. போர் நடக்கும் ஊரில் மருத்துவ அமைப்பு, குழந்தைகள் அமைப்பு, செய்தியாளர் என்று ஆளாளுக்கு வந்து அதே கதையைக் கேட்பார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் மறுபடி அங்கே போய்வருகிறார். வேறொருவர் சரியாகப் பதிவுசெய்திருந்து, அதை எங்களுக்குத் தர அந்தப் பெண் சம்மதித்தால், நான் கேட்காமலே திரும்பிவிடுவேன்.

மூன்றாவது சம்மதம். "பேசலாமா?" என்று ஒரு முறை கேட்டுத் தலையசைப்பை வாங்கிக்கொள்வது சம்மதம் ஆகாது. நீங்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்ளலாமா, பெயரில்லாமல் வெளியிடலாமா, அதிகாரிகளிடம் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசலாமா, நாளை ஒரு நீதிமன்றம் கேட்டால் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றவர் மற்றொன்றுக்கு இல்லை என்பார், அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். என் குறிப்பேட்டில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில், பூட்டிய கோப்பில் இருக்கும். சோதனைச் சாவடியில் பையைப் பிடுங்கிப் பார்த்தால் கிடைப்பது வெறும் எண்களாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதேபோல, எழுத்துப் பொறித்த எங்கள் வெள்ளை வண்டியை ஒருவர் குடிசை முன்னால் நிறுத்தினால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வண்டியைத் தொலைவில் விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போகும் பெண்களோடு பெண்ணாக நடந்துபோய், சுகாதார நிலையத்தின் பின்னறையில் பேசியிருக்கிறேன்.

இனி மொழி. அங்குள்ள பெரிய இனங்களுள் ஒன்றான நூயேர் மக்களின் மொழியோ, பல இனத்தவரும் பொதுவாகப் பேசும் ஜூபா அரபியோ எனக்கு ஓரளவுக்கு மேல் வராது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் எல்லாம். அவர் எந்த இனத்தவர், ஆணா பெண்ணா, இந்தப் பெண்ணின் உறவினரா என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்க்காவிட்டால் கேள்வியே பிழையாகிவிடும். ஒருமுறை ஒரு பெண் ஐந்து நிமிடம் பேசினார். மொழிபெயர்த்தவர் "வயலில் படையினர் அவரோடு பேசினார்களாம்" என்று ஒரே வரியில் முடித்தார். பேசினார்கள் என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் தலைநிமிரவில்லை. மேலே போர்த்தியிருந்த துணியின் முனையில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் "கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் வாய் திறக்காத பெண்கள் இல்லையா? அங்கேயும் அதற்கென்று சொல்லாத சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல் எதை மறைக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் தனியே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

கேள்வியைத் தவிர்ப்பதும் பிழைதான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில், அகாயேசு என்ற மேயர் மீதான குற்றப்பத்திரிகையில் முதலில் வன்புணர்வுக் குற்றமே இல்லை. வேறொன்றைச் சொல்ல வந்த பெண் சாட்சி பேச்சுவாக்கில் அதைக் குறிப்பிட்டபோது, அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி மேற்கொண்டு கேட்டார். அதன்பின் 1997-இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாக அமையலாம் என்று முதன்முதலாக நிறுவியது. அந்த நீதிபதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையராக இருந்தவரும் அவரே.

கேள்வி: அறிக்கைகளில் "குறைந்தது 232 பேர்" என்பதுபோல வருகிறதே, அந்த எண்ணிக்கை எப்படிக் கிடைக்கிறது? யாரோ சொன்னதைக் கூட்டிப் போடுவதா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட எண் 2018 ஏப்ரல் 16 முதல் மே 24 வரை யூனிட்டி மாநிலத்தின் மயென்டிட், லேர் பகுதிகளில் நடந்த தாக்குதல்களைப் பற்றியது; குறைந்தது 232 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகவும், 120 பெண்களும் சிறுமிகளும் வன்புணர்வுக்கு உள்ளானதாகவும் ஐ.நா. அறிக்கை பதிவுசெய்தது. அதில் "குறைந்தது" என்ற சொல்தான் உயிர். எங்களால் சரிபார்க்க முடிந்தவை மட்டுமே அதில் உண்டு. போக முடியாத ஊரின் பிணங்கள் அதில் இல்லை.

நாங்கள் பின்பற்றும் அளவுகோல், நடந்ததென்று நம்ப நியாயமான அடிப்படை இருக்கிறதா என்பது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு அது கடுமையானதல்ல, ஆனால் வதந்திக்கு அங்கே இடமில்லை. ஒருவரை ஒருவர் சார்ந்திராத சாட்சிகள் வேண்டும். மூன்று பேர் ஒரே செய்தியைச் சொல்லி, மூவருமே அதை ஒரே மாமாவிடம் கேட்டிருந்தால், கணக்கில் அது ஒரு சாட்சிகூட ஆகாது. அந்த மாமாவைத் தேடிப் போக வேண்டும். எரிந்த குடிசைகளின் வட்டக் கறைகள் செயற்கைக்கோள் படத்தில் தெரியும். தோட்டா உறைகள், புதைகுழி மேடுகள், மருத்துவமனைப் பதிவுகள் ஆகியவை சொல்லப்பட்டதோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்போம்.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். நூயேர் மக்கள் தம் பெயரோடு தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நம்மிடம் தலைப்பெழுத்து இருப்பதுபோல. ஆனால் ஒரே பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் பெயரே நான்கு விதமாக வரும். ஒரே ஆளை இருமுறை எண்ணிவிடுவதும், இரண்டு பேரை ஒருவராக்கி ஒருவரைத் தொலைத்துவிடுவதும் ஒரே அளவு எளிது. மூன்று தலைமுறைப் பெயரையும், வயதையும், மாடு மேய்ப்பவர்களான அவர்களுள் எந்த மாட்டுத் தொழுவத்தைச் சேர்ந்தவர் என்பதையும் வைத்து வரிசை வரிசையாகப் பிரித்து நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். இதற்கு நேர்மாறான முறையும் உண்டு: லண்டனைச் சேர்ந்த பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2018-இல் மக்கள்தொகைக் கணிப்பின் வழியே, போர் தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டு ஏப்ரல் வரை சுமார் 3,83,000 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். அது துயரத்தின் மொத்த அளவைக் காட்டும் எண். எங்களுடையது ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஆள் நிற்கும் எண். ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யென்று சொல்வது சரியல்ல.

கேள்வி: 2008-இல் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சியவர்களுள் என் தந்தையும் ஒருவர். அந்த அமைப்பில் நீங்கள் பெருமையோடு வேலை செய்ததாக எழுதியிருப்பதைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை.
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசிவரை பதில் எழுத முடியாமல் இருந்ததும் அதற்குத்தான். நீங்கள் எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். மக்கள் அங்கேயே இருந்தார்கள். இறந்தவர்களை ஐ.நா. எண்ணவில்லை என்பதுகூட உண்மையல்ல. எண்ணியது. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக அதன் கொழும்புக் குழு கணக்கு வைத்திருந்தது. அதன்பின் எண்ணவே இயலாமல் போனது. அந்த ஆவணம் அப்போது வெளியிடப்படவில்லை. 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011-இல் எழுதியது. எண்ணி வைத்திருந்தும் சொல்லாமல் இருந்ததைத்தான் என் தொழிலில் நடந்த மிகப் பெரிய பிழைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். சரிபார்த்த எண்ணை உரிய நேரத்தில் வெளியிடாதது அந்த மக்களுக்குச் செய்த இரண்டாவது கைவிடல்.

2012 நவம்பரில், சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வு, ஐ.நா. அங்கே தன் கடமையில் தவறியதை ஒளிக்காமல் எழுதியது. அதன் விளைவாக, எந்த நாட்டிலும் ஐ.நா.வின் எல்லாப் பிரிவுகளும் மனித உரிமையை முன்னிறுத்த வேண்டும் என்ற திட்டம் 2013 இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதே டிசம்பரில் ஜூபாவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. உயிருக்கு ஓடிவந்தவர்களுக்காக ஐ.நா. தளங்களின் வாயிற்கதவுகள் திறக்கப்பட்டன. அந்தத் தளங்களில் உருவான முகாம்களில் பிற்பாடு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள்; யூனிட்டி மாநிலத் தலைநகர் பெந்தியுவில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேல். 2014 மழைக்காலத்தில் பெந்தியு முகாமில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தாய்மார்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே தூங்கினார்கள். ஆனாலும் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை அந்த ஏப்ரலில் பெந்தியு பள்ளிவாசலில் கொல்லப்பட்ட 200-க்கும் மேற்பட்டோர் சொல்வார்கள்.

ஆகவே பாடம் படித்துவிட்டார்கள் என்று உங்களுக்கு எழுதலாமா? அதுவும் முழு உண்மையாகாது. 2016 பிப்ரவரியில் ஆயுதம் ஏந்தியவர்கள் மலக்கால் முகாமுக்குள் புகுந்து சுட்டார்கள், குடிசைகளை எரித்தார்கள், சுமார் 30 பேர் இறந்தார்கள். காவலுக்கு இருந்த அமைதிப்படையினரில் சிலர் இடத்தை விட்டே போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜூபாவில் நடந்த சண்டையின்போது உதவிக்கு அழைத்தவர்களிடம் அமைதிப்படை போகவில்லை. விசாரணைக்குப் பிறகு அதன் தளபதி பதவிநீக்கம் செய்யப்பட்டார். மறுபக்கம், 2013 டிசம்பர் 19 அன்று அகோபோவில் தங்கள் சிறு தளத்தில் அடைக்கலம் புகுந்தவர்களைக் காக்க நின்று உயிர்விட்ட இரண்டு இந்திய வீரர்களும் இதே அமைப்பினர்தான்.

உங்கள் தந்தையின் கெஞ்சலுக்கு இவை பதிலல்ல என்று எனக்குத் தெரியும். அந்த வாசலில் அவர் நின்றது பெட்ரி அறிக்கை வழியாக எங்கள் பயிற்சிக்குள் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது முதல் வாரப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் எடுத்துக்காட்டு வன்னிதான். அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.

கேள்வி: உயிருக்கு ஆபத்து இல்லையா? அரசாங்கம் மிரட்டாதா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: உண்டு. 2012 நவம்பரில் தென் சூடான் அரசு எங்கள் பணிக்குழுவின் மனித உரிமை அதிகாரி ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 2014 ஆகஸ்டில் பெந்தியு அருகே ஐ.நா. ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். ஆனால் என்னைப் போன்ற வெளிநாட்டுப் பணியாளர்களின் ஆபத்தைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிலைமை மோசமானால் எங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். எங்களோடு அதே மேசையில் உட்கார்ந்து அதே சாட்சிகளைக் கேட்ட உள்நாட்டுப் பணியாளருக்கு வீடு அங்கே, பிள்ளைகள் படிக்கும் பள்ளி அங்கே, அவர் எந்த இனம் என்பது சோதனைச் சாவடியில் நிற்பவனுக்கு அவர் பெயரைக் கேட்டதுமே தெரியும்.

கேள்வி: என் மகளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்திருக்கிறது. தடுக்க மனமில்லை, அனுப்பவும் மனமில்லை. திரும்பி வரும்போது அவள் அவளாகவே இருப்பாளா?
– ஒரு தாய், கோவை

பதில்: அம்மா, சற்று மாறித்தான் வருவார். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு விடுப்பு உண்டு, மனநல ஆலோசகர் உண்டு. வேலை இருக்கிறது என்று சொல்லி அந்த விடுப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் முதலில் உடைந்துபோகிறார்கள். மகள் அப்படிச் சொன்னால் நீங்கள் கண்டித்துப் பேசலாம்.

என் கதையைச் சொல்கிறேன். 2018 நவம்பர் கடைசியில், பெந்தியுவுக்குப் போகும் பாதையில் பத்தே நாட்களில் வன்முறைக்கு உள்ளான 125 பெண்களுக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சை அளித்தது. விறகுக்கும் உணவுப் பொருளுக்குமாக நடந்துபோனவர்கள் அவர்கள். "ஆண்கள் போனால் கொன்றுவிடுவார்கள், நாங்கள் போனால் உயிரோடாவது திரும்புவோம்" என்று ஒரு குடும்பம் தமக்குள் முடிவெடுத்ததைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஊர் திரும்பி ஆண்டுகள் ஆகியும், சாலையோரம் விறகுக் கட்டோடு பெண்கள் போனால் எத்தனை பேர் சேர்ந்து போகிறார்கள் என்று என் கண் தானாக எண்ணுகிறது. என் தாயார் அதைக் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை, என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அதுவே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மகள் சொல்ல வரும்போது கேளுங்கள். சொல்லாதபோது துருவ வேண்டாம்.

கேள்வி: இந்த வேலையில் சேர என்ன படிக்க வேண்டும்?
– பலர்

பதில்: சட்டம், அரசியல் அறிவியல், சமூகப் பணி, எதுவானாலும் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். ஐ.நா.வில் பி-2 என்ற தொடக்க அதிகாரி நிலைக்கு அதனோடு இரண்டாண்டு அனுபவமும், பி-3 என்ற அடுத்த நிலைக்கு ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதுவரை இளையோருக்குத் தனிப் பிரிவு உண்டு. பலருக்கு அதுவே முதல் வாசல். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு அல்லது அரபி தெரிந்தால் ஆப்பிரிக்க நாடுகளில் வாய்ப்புக் கூடும்.

அனுபவத்துக்கு வெளிநாடு போகக் காத்திருக்காதீர்கள். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1993-இல் வந்தது. தமிழ்நாட்டில் மாநில ஆணையம் 1997 முதல் இயங்குகிறது. காவல் மரணம், கொத்தடிமை, சாதி வன்முறை ஆகியவற்றில் உண்மை அறியும் குழுக்களோடு போய் ஒரு முதல் தகவல் அறிக்கையையும் பிணக்கூராய்வு அறிக்கையையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறையும், சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான மினசோட்டா நெறிமுறையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்ணப்பத்தில் "ஏழைகளுக்கு உதவ ஆர்வம்" என்று எழுதுவதைவிட, நீங்களே எழுதிய ஒரு நல்ல கள அறிக்கை பயன்தரும்.

கேள்வி: இத்தனை அறிக்கை எழுதி என்ன மாறியது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சில மாறின. 2016 ஜூலையில் ஜூபாவின் டெர்ரெய்ன் விடுதியில் ஒரு செய்தியாளரைக் கொன்று, உதவிப் பணியாளர்களை வன்புணர்ந்த வழக்கில் 2018 செப்டம்பரில் இராணுவ நீதிமன்றம் பத்துப் படைவீரர்களுக்குத் தண்டனை விதித்தது. 2018-இல் மேற்கு எக்வடோரியாவில் கடத்தப்பட்ட நூற்றுக்கணக்கானோரைப் பற்றிய அறிக்கை வந்தபின், அதைக் கையில் வைத்துக்கொண்டு என் சக அதிகாரிகள் காட்டிலுள்ள கிளர்ச்சிப் படைத் தளபதிகளிடம் பலமுறை போய்ப் பேசினார்கள். 2020 தொடக்கத்தில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் விடுவிக்கப்பட்டார்கள்.

பெரியது மாறவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து, உள்நாட்டு நீதிபதிகளும் பிற ஆப்பிரிக்க நாட்டு நீதிபதிகளும் அமரும் ஒரு கலப்பு நீதிமன்றம் அமைப்பதாக 2015 அமைதி உடன்பாட்டிலும் 2018 உடன்பாட்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். அந்த நீதிமன்றத்தை நம்பித்தான் நாங்கள் பலரிடம் "சாட்சியம் பத்திரமாக இருக்கும்" என்று சொன்னோம். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அதற்கு ஒரு கட்டடம்கூட வரவில்லை. இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

பெந்தியு முகாமில் ஒரு பெரியவர் இருந்தார். இரண்டு தம்பிகளையும் ஒரு மகனையும் இழந்தவர். மாதத்துக்கு ஒருமுறை வந்து, தான் கொடுத்த பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பார். நான் பூட்டிய கோப்பைத் திறந்து, அவருடைய எண்ணைத் தேடி எடுத்து வாசிப்பேன். அவர் ஒவ்வொரு பெயரையும் பாட்டன் பெயர்வரை திருப்பிச் சொல்வார். ஒருமுறை இளைய தம்பியின் பெயரில் ஓர் எழுத்தை நான் பிழையாக எழுதியிருந்தது தெரிந்தது. திருத்தினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.